‘ஜெயிச்சவனை விடுங்க, தோத்தவனைப் பாருங்க!’ - பழவேற்காடு ‘ரெஸ்லிங் மாமா’வின் மறக்க முடியாத மேட்ச்கள்

பழவேற்காட்டில் காலை மீன் ஏலம் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் இரண்டு பேச்சுதான். ஒன்று, இன்றைக்கு இறால் என்ன விலைக்குப் போனது? இன்னொன்று ரெஸ்லிங். அதுவும் ‘அவர்’ வந்து உட்கார்ந்துவிட்டால் இறாலைக்கூட மறந்துவிடுகிறார்கள்.

ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு அவர் ‘ரெஸ்லிங் மாமா’. வயது 39. பதினாறு வயதிலிருந்து ஏரியில் வலை இழுப்பவர். தன் பெயரைவிட மேட்ச்தான் முக்கியம் என்பவர். அதனால் இந்த வார ‘நம்ம ஊர் ரசிகர்’ பகுதியிலும் அவர் ரெஸ்லிங் மாமாதான்.

90ஸ் கிட்ஸுக்கு இவர் கதை புதிதல்ல. கேபிள் டி.வி வந்த புதிதில் அண்டர்டேக்கரைப் பார்த்து மிரண்டது, அவருக்கு ஏழு உயிர் என்று சத்தியமாக நம்பியது, கையில் காசு கிடைத்தால் ‘டபிள்யூ.டபிள்யூ.எஃப் கார்டு’ வாங்கி உயரம், எடை, ரேங்க் சொல்லி விளையாடியது எல்லாம் இவருக்கும் உண்டு. அந்த ‘எஃப்’ 2002-ல் ‘இ’ ஆன காரணத்தையும் சொல்வார். உலக வனவிலங்கு நிதியம், ‘டபிள்யூ.டபிள்யூ.எஃப் எங்கள் பெயர்’ என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்ததால் வந்த மாற்றம் அது. “எங்க ஏரிக்குப் பூநாரை வருதே, அந்த மாதிரி பறவைங்களுக்காகப் பேசுற ஆளுங்க. அண்டர்டேக்கரையே தோக்கடிச்சிட்டாங்க!” என்று சிரிக்கிறார்.

‘அது பொய்ச் சண்டைதானே?’

இருபத்தைந்து வருடங்களாக அவர் சந்திக்கும் ஒரே கேள்வி இது. பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார், கல்யாணமான புதிதில் மனைவி கேட்டார், இப்போது மகளின் தோழிகள் கேட்கிறார்கள். அவர் கோபப்படுவதில்லை. ஏரியைக் காட்டி பதில் சொல்கிறார்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆனால் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் அதில் எல்லாப் பக்கமும் இல்லை. கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்தை ஒட்டிய பக்கங்களுக்கு மவுசு அதிகம். அந்த இடங்களுக்காக அடிதடி வராமலிருக்க கோட்டைக்குப்பம் போன்ற மீனவ கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை வைப்பது என்று ஊர் கூடி முன்கூட்டியே முறை போட்டு வைத்துவிடும். இதற்குப் பெயர் ‘பாடு’.

“இன்னைக்கு யார் முறைன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். அதுக்காக வலை இழுக்கிற கை வலிக்காதா? ரெஸ்லிங்கும் அப்படித்தான். யார் ஜெயிக்கணும்னு பேசி வெச்சிருப்பாங்க. ஆனா கீழ விழுற முதுகு நிஜ முதுகுதானே?”

இதிலிருந்துதான் அவருடைய கணக்கு தொடங்குகிறது. முடிவு முன்பே தெரிந்த சண்டையில் ஜெயிப்பது பெரிய வேலையல்ல. யார் வேண்டுமானாலும் பெல்ட்டைத் தூக்கிக் காட்டலாம். ‘இன்று உன் முறை’ என்று அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்து, பார்க்கிறவன் நம்பும்படி தோற்பதுதான் கஷ்டம். அதனால் எந்த மேட்ச்சையும் அவர் தோற்றவரை வைத்தே எடை போடுகிறார்.

அந்த எடையில் தேறிய ஆறு மேட்ச்கள் இவை.

பட்டியலுக்கு முன்னால் அப்பா

எண் போடுவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு மரியாதை. எழுபதைத் தொட்ட அப்பாவுக்கு அண்டர்டேக்கரும் தெரியாது, ஜான் சீனாவும் தெரியாது. அவருக்கு மல்யுத்தம் என்றால் தாரா சிங்தான். சின்ன வயதில் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லக் கேட்டவர், பிறகு தூர்தர்ஷன் ராமாயணத்தில் அதே தாரா சிங்கை அனுமனாகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

சுமார் 200 கிலோ எடை என்று சொல்லப்பட்ட கிங்காங்கைத் தாரா சிங் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார் என்பது அப்பாவுக்குப் பிடித்த கதை. மகனுக்குப் பிடித்தது கிங்காங்கின் கதை. நிஜப் பெயர் எமில் சாயா. அன்றைய ஆஸ்திரியா - ஹங்கேரியில் பிறந்தவர். இந்தியாவிலும் மலேயா, சிங்கப்பூரிலும் ஊர் ஊராகப் போய் வில்லனாக நின்று, கூட்டத்தின் வசவை வாங்கிக்கொண்டு, தாரா சிங்கிடம் தோற்றவர். 1970-ல் கார் விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரிலேயே இறந்துபோனார். “தூக்கினவருக்கு ஊர் ஊரா மாலை. தூக்குறதுக்கு உடம்பைக் கொடுத்தவர் பேரு நமக்கு கிண்டல் பண்ண மட்டும்தான் ஞாபகம் இருக்கு” என்கிறார். தெருவில் குண்டாக யாராவது போனால் ‘கிங்காங்’ என்று கூப்பிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறார்.

அப்பாவும் மகனும் ஒத்துப்போகிற ஒரே இடம், 1968 மே 29. பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸைத் தாரா சிங் ஜெயித்த நாள். அன்று தெஸுக்கு வயது 52. பலமுறை உலக சாம்பியனாக இருந்தவர். அந்த வயதில், அடுத்தவர் ஊரில், அடுத்தவர் கூட்டத்தின் முன்னால் தோற்க மனசு வேண்டும்.

6. ஹல்க் ஹோகன் - ஆண்ட்ரே தி ஜெயன்ட் (1987)

மார்ச் 29, 1987. ரெஸில்மேனியா 3. அரங்கில் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். 7 அடி 4 அங்குலம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஆண்ட்ரேயை ஹோகன் தூக்கித் தரையில் அடித்தார். உலகமே அந்தத் தூக்கலைத்தான் பேசியது.

ஆண்ட்ரேயின் உடம்பை யாரும் பேசவில்லை என்பது மாமாவின் வருத்தம். உடம்பு வளர்ந்துகொண்டே போகும் ஹார்மோன் கோளாறு அவருக்கு. முந்தைய வருடம்தான் முதுகில் ஆபரேஷன். உடைக்குள்ளே முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் மனசு வைத்திருக்காவிட்டால் ஹோகனால் அவரை ஓர் அங்குலம்கூட நகர்த்தியிருக்க முடியாது. ஆறு வருடங்களில், 46 வயதில், ஆண்ட்ரே இறந்துபோனார். ஹோகன் அந்த ஒரு தூக்கலோடு சேர்த்தே கடைசிவரை பேசப்பட்டார். 2025 ஜூலையில் அவரும் போய்விட்டார்.

5. ஜான் சீனா - தி கிரேட் காளி (2007)

“காளி அண்டர்டேக்கரையே அடிச்ச மேட்ச்சைச் சொல்லுங்க மாமா!” என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2006 மே மாதம் நடந்த மேட்ச் அது. இந்தியனாகப் பெருமைப்படலாம், மேட்ச்சாகப் பார்த்தால் சுமார்தான் என்று மாமா சொல்ல, டீக்கடையில் சண்டை மூளும்.

அவருடைய ஓட்டு, காளி தோற்ற மேட்ச்களுக்கு. 2007 மே 20 அன்று ஜான் சீனாவிடம் ‘டேப் அவுட்’ ஆனார் காளி. அதாவது வலி தாங்காமல் கையால் தட்டி ‘போதும்’ என்று ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஜூன் 3-ல் மீண்டும் மோதினார்கள். அரங்கம் முழுக்கச் சுற்றிச் சண்டை போட்டு, கடைசியில் கிரேன் மேலிருந்து காளியைக் கீழே போட்டு ஜெயித்தார் சீனா.

இமாசலப் பிரதேசத்தின் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, பஞ்சாப் போலீஸில் வேலை பார்த்த காளிக்கும் ஆண்ட்ரேவுக்கு இருந்த அதே வகைக் கோளாறு. 2012-ல் மூளைக்கு அடியில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்த உடம்போடு அவ்வளவு உயரத்திலிருந்து விழச் சம்மதித்தவரை ‘நடக்கத் தெரியாதவர்’ என்று கிண்டலடித்தால் மாமாவுக்குக் கோபம் வரும். அடுத்த மாதமே காளிக்கு முறை வந்தது. 2007 ஜூலையில் 20 பேர் மோதிய போட்டியில் ஜெயித்து, உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

4. அண்டர்டேக்கர் - மேன்கைண்ட் (1998)

பத்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் இதுதான் முதலிடம். ஜூன் 28, 1998. சுமார் 16 அடி உயர இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து மேன்கைண்ட், அதாவது மிக் ஃபோலி, வர்ணனையாளர்கள் மேஜை மேல் தூக்கி எறியப்பட்டார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். பாதியில் இறங்கி, திரும்பவும் கூண்டின் மேல் ஏறினார். இரண்டாவது தடவை கூண்டின் கூரையே பிய்ந்துகொண்டு ரிங்குக்குள் விழுந்தார். அது திட்டத்திலேயே இல்லாதது. பல் உடைந்தது. அதன் பிறகும் மேட்ச் நடந்தது. அண்டர்டேக்கருக்கும் அன்று காலில் எலும்பு முறிவு.

பன்னிரண்டு வயதில் இதைப் பார்த்துக் கைதட்டியவர், அப்பா ஆன பிறகு வேறொன்றைப் பார்த்தார். ‘பியாண்ட் தி மேட்’ என்ற ஆவணப்படம். 1999 ஜனவரியில் கைவிலங்கு மாட்டப்பட்ட ஃபோலியை ‘ராக்’ நாற்காலியால் மாறி மாறி அடிக்கிறார். ரிங்குக்குப் பக்கத்தில் ஃபோலியின் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும். குழந்தைகள் அலறி அழுகின்றன. அது நடிப்பு என்று அப்பா முன்பே சொல்லியும் அழுகின்றன.

“அந்தப் பசங்க முகத்தைப் பார்த்ததுக்கு அப்புறம் கைதட்ட முடியல” என்கிறார். தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-ல் டபிள்யூ.டபிள்யூ.இ தடை செய்தது. தாமதமாக வந்தாலும் சரியான முடிவு என்பது அவர் கருத்து. விட்டுக்கொடுப்பதற்கும் உடம்பை அழித்துக்கொள்வதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. இந்த மேட்ச் அந்தக் கோட்டைத் தாண்டியது. அதனால் நான்காவது இடம். ஏரிக்கரை மணலில் பிள்ளைகள் ‘சோக்ஸ்லாம்’ போட்டு விளையாடினால் முதலில் ஓடிப்போய்த் தடுப்பவரும் இவர்தான்.

3. பிராக் லெஸ்னர் - அண்டர்டேக்கர் (2014)

ரெஸில்மேனியாவில் 21 மேட்ச், 21 வெற்றி. ஏப்ரல் 6, 2014 அன்று, நியூ ஆர்லியன்ஸில் அது முடிந்தது. ரெஃப்ரி மூன்று எண்ணி முடித்தும் கூட்டத்துக்குப் புரியவில்லை. திரையில் 21-1 என்று வந்தபோது அரங்கமே உறைந்துபோய் நின்றது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு என்றால் நமக்குத் திங்கள் காலை. அன்று ஏரிக்குப் போனவர் யாரோடும் பேசாமல் வலை இழுத்துவிட்டு வந்தாராம்.

அந்த மேட்ச்சில் அண்டர்டேக்கருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்வு ஏற்பட்டது. அன்றைய நாளில் பெரும்பகுதி தனக்கு ஞாபகமே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். அப்படியும் கடைசிவரை நின்று தோற்றுக் கொடுத்தார். அதற்காகவே இந்த இடம்.

ஆனால் மாமாவுக்கு ஒரு குறை உண்டு. ‘தோற்றிருக்கவே கூடாது’ என்பது பல ரசிகர்களின் வாதம். இவர் வாதம் வேறு. தோற்றது சரி, யாரிடம் தோற்றார் என்பதுதான் தப்பு. லெஸ்னர் அப்போதே பெரிய ஆள். “ஏற்கெனவே விசைப்படகு வெச்சிருக்கிறவனுக்கு ஏரி முறையைக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு. அதை ஒரு சின்னப் பையனுக்குக் கொடுத்திருந்தா அவன் வாழ்க்கையே மாறியிருக்கும்.”

2. அண்டர்டேக்கர் - ஷான் மைக்கேல்ஸ் (2010)

‘மேட்ச்’ என்ற வகையில் மட்டும் பார்த்தால் 2009-ல் இவர்கள் இருவரும் மோதியதுதான் சிறந்தது என்கிறார். அதில் தோற்ற மைக்கேல்ஸ் அடுத்த வருடம் திரும்ப வந்து கேட்டார். இந்த முறை தோற்றால் ரெஸ்லிங்கையே விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை.

மார்ச் 28, 2010. கடைசி நிமிடங்களில் மைக்கேல்ஸால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. அண்டர்டேக்கரே ஒரு கணம் தயங்குகிறார். முட்டி போட்டபடி மைக்கேல்ஸ் செய்தது, அண்டர்டேக்கரின் கழுத்தறுக்கும் சைகையை அவருக்கே காட்டி, கன்னத்தில் ஓர் அறை விட்டது. ‘இரக்கப்படாதே, முடித்துவிடு’ என்று அதற்கு அர்த்தம். முடிந்த பிறகு அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

2018-ல் மைக்கேல்ஸ் ஒரே ஒரு மேட்ச்சுக்குத் திரும்ப வந்தாரே? “அது என் கணக்குல இல்ல” என்று முடித்துக்கொள்கிறார்.

1. குந்தர் - ஜான் சீனா (2025)

டிசம்பர் 13, 2025. நமக்கு ஞாயிறு காலை. 17 முறை உலக சாம்பியனான ஜான் சீனாவின் கடைசி மேட்ச். ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்ற வாசகத்தை டி-ஷர்ட்டிலும் துண்டிலும் போட்டே இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தவர். உயிருக்குப் போராடும் குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் அமைப்புக்காக 650-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சந்தித்தவர். அவர் குந்தரின் கழுத்துப் பிடியில் சிக்கி, மெல்லச் சிரித்து, கையால் தட்டினார். டேப் அவுட்.

அரங்கம் கொதித்தது. மாமாவின் பன்னிரண்டு வயது மகள் செல்போனைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். “அவரே விட்டுக்கொடுத்துட்டா எப்படிப்பா?”

அந்தக் கேள்விக்காகவே இந்த மேட்ச்சுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார். 2002 ஜூனில் சீனா முதன்முதலாகத் தொலைக்காட்சியில் தோன்றியபோது கர்ட் ஆங்கிளிடம் தோற்றார். ஆங்கிள் அன்றைக்கே பெரிய பெயர். புதுப்பையனோடு அவ்வளவு நேரம் நின்று, அவனையும் ஒரு ஆளாகக் காட்டினார். அப்படிக் கிடைத்த முறையைத்தான் சீனா 23 வருடங்கள் கழித்து அடுத்தவர் கையில் கொடுத்தார். குந்தர் 16 பேர் கொண்ட போட்டியில் ஜெயித்து அந்த இடத்துக்கு வந்தவர். லெஸ்னரைப் போலச் சும்மா வாங்கிக்கொண்டவர் இல்லை. மேட்ச் முடிந்ததும் சீனா தன் ஷூவையும் கைப்பட்டையையும் ரிங்கிலேயே விட்டுவிட்டு, ஒரு சல்யூட் வைத்துப் போனார்.

இந்த மேட்ச் மாமாவை இவ்வளவு பாதிக்க வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் அப்பா ஏரிக்குக் கிளம்பவில்லை. ‘இனி நீ பாத்துக்கோடா’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தோளில் வலி இருந்தும் அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. “அன்னைக்கு எனக்கு சந்தோஷப்படுறதா, அழுறதான்னு தெரியல. சீனா தட்டினப்போ அப்பா முகம்தான் ஞாபகம் வந்துச்சு.”

இத்தனைக்கும் சீனாவை நேரில் பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. 2023 செப்டம்பர் 8-ல் ஹைதராபாத் கச்சிபௌலி அரங்கில் சீனா மோதினார். நண்பர்கள் கிளம்பினார்கள். அன்று பார்த்து மாமாவுக்கு ஏரியில் முறை. முறையை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும்; வீட்டில் அடுப்பு காத்திருக்காது. போகவில்லை.

மகள் போட்ட போடு

மகள் சமாதானமாகிவிட்டாள். ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். “ஏம்ப்பா, இதுல ஒரு பொண்ணுகூட இல்ல?”

அவளுடைய தேர்வு, 2017-ல் கவிதா தேவி மோதிய மேட்ச். ஹரியானாவைச் சேர்ந்தவர், ஒரு குழந்தைக்கு அம்மா, 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் பளு தூக்குதலில் தங்கம் வாங்கியவர், ஜலந்தரில் காளியின் பயிற்சிக் கூடத்தில் கற்றவர். டபிள்யூ.டபிள்யூ.இ ரிங்கில் ஏறிய முதல் இந்தியப் பெண். சுடிதாரில் ஏறினார். நியூசிலாந்தின் டகோடா காயிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். “தோத்தவங்களைத்தானே பாக்கணும்னு சொன்ன?” என்று மகள் மடக்கினாள்.

அதோடு விடவில்லை. 1985-ல் தொடங்கிய ரெஸில்மேனியாவில் கடைசி மேட்ச் என்ற பெரிய முறை பெண்களுக்குக் கிடைக்க 2019 ஆனது. அன்று பெக்கி லிஞ்ச் ஜெயித்த வீடியோவைக் காட்டிவிட்டு மகள் கேட்டாள்: “அவங்களுக்கே முறை வந்துடுச்சு. நம்ம பாடுல பொண்ணுங்களுக்கு எப்பப்பா முறை?”

பாட்டில் முறை ஆண்களுக்குத்தான். ஏலக்கடையில் கூடையோடு நிற்பதும், மீனைத் தலையில் சுமந்து போய் விற்பதும் பெண்கள். வலை வைக்கும் முறை மட்டும் அவர்கள் பெயரில் வருவதில்லை. அந்த வழக்கத்துக்கு வெளியே நிற்கும் மற்ற ஆட்களும் ஏரியில் உண்டு. எல்லா மேட்ச்சுக்கும் தீர்ப்பு வைத்திருக்கும் ரெஸ்லிங் மாமாவிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. “ஊர்ல பேச வேண்டிய விஷயம்மா” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ‘எப்ப பேசுவ?’ என்று அவள் தினமும் கேட்கிறாளாம்.

இப்போதைக்கு ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. கவிதா தேவியின் மேட்ச் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. லெஸ்னர் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறார்.